ஊர் அடங்கியது, நாய் அடங்கவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

2022 ஜனவரி 6-ஆம் தேதியிலிருந்து, கொரோனா கட்டுப்பாட்டால், தமிழ்நாட்டில் மறுபடியும் இரவு 10 மணிக்கு மேல் தெருவில் இறங்க முடியாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. 2020 மார்ச்சிலும் 2021 மே மாதத்திலும் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது லேசானதுதான். ஆனாலும் எங்கள் தெருவில் நாய் வளர்ப்பவர்கள் பழைய கேள்விகளோடு திரும்ப வந்தார்கள். "சாயங்காலம் ஆனா வீட்டையே ரெண்டாக்குது", "எவ்வளவு பந்து போட்டாலும் அடங்க மாட்டேங்குது", "மாடியில ஒண்ணுக்குப் போக மாட்டேங்குது". அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் நாய் மணிக்கு அப்போது நான்கு வயது. 19 கிலோ. சிப்பிப்பாறைக் கலப்பாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நீளக் கால், ஒட்டிய வயிறு, ஒரு காகம் பறந்தால் போதும், உடம்பு முழுக்க முறுக்கேறிவிடும். நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. ஊரடங்குக்கு முன்பு காலை 5 மணிக்கு ஒரு மணி நேரம், இரவில் அரை மணி நேரம், ஞாயிறு விடியலில் பெசன்ட் நகர் கடற்கரை மணல். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை வந்தது; ஒரே நாளில் எல்லாம் நின்றது. மெரினாவைத் திரும்பத் திறக்கவே அந்த வருடம் டிசம்பர் 14 ஆகிவிட்டது.

அந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நாய் அடங்கவில்லை என்றால் உடனே "ஓட்டம் போதவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். காலுக்கு வேலை இல்லாததும், மூக்குக்கு வேலை இல்லாததும், வாய்க்கு வேலை இல்லாததும், தூக்கம் கெட்டதும், பயமும், அடக்கி வைத்த மூத்திரமும் வெளியே பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மருந்து மட்டும் வேறு வேறு. அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் இரண்டு நாள் கவனியுங்கள். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நேரம், என்ன செய்தது, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்று மூன்றை மட்டும் குறியுங்கள். குக்கர் விசில், பால்காரர் மணி, பக்கத்து வீட்டுக் கதவு என எதுவும் காரணமாக இருக்கலாம். எங்கள் குறிப்பைப் படித்தபோதுதான் மணியின் ரகளையில் பாதி மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைக்குள் நடப்பது தெரிந்தது. அது நாங்கள் எல்லோரும் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்திருக்கும் நேரம்.

மாலையானால் வீட்டுக்குள் வட்டமடிக்கிறது, நைட்டியையும் பேன்ட்டையும் கவ்வி இழுக்கிறது

முதலில், எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இரண்டு மூன்று நிமிடம் சோபாவைச் சுற்றி வெறித்தனமாக ஓடிவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் கவலையே வேண்டாம். குட்டிகளும் இளநாய்களும் அப்படித்தான். மேஜை முனையில் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். அரை மணி நேரம் ஆகியும் அடங்காமல், துணியைக் கவ்வி, நீங்கள் நகர்ந்தால் குதித்து, அதட்டினால் இன்னும் குரைத்தால் அங்கே வேறு ஒரு பசி இருக்கிறது. பெரும்பாலும் அது மூக்கின் பசி.

தெருவில் நடக்கும்போது நம் நாய் பத்தடிக்கு ஒரு முறை நின்று மோப்பம் பிடிக்கும். நாம் "வா, வா" என்று இழுத்துக்கொண்டு போவோம். உண்மையில் அதன் வேலையில் பாதி அந்த நிற்றலில்தான் நடந்தது. எந்த நாய் வந்து போனது, எந்த வீட்டில் மீன், எந்தச் சுவரோரம் பூனை என்று தினசரிச் செய்தித்தாள் படித்து முடித்த மாதிரி. வீட்டுக்குள் அதற்குத் தெரியாத வாசனை ஒன்றுகூட மிச்சம் இல்லை. இருபது நிமிடம் மூக்கால் தேடிய நாய் ஒரு மணி நேரம் நடந்த நாயைவிட நிம்மதியாகத் தூங்குவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. சாப்பாட்டைத் தட்டில் வைப்பதை நிறுத்துங்கள். முதல் நாள் பத்துத் துண்டு நாய்த் தீனியோ வேகவைத்த கோழித் துண்டோ எடுத்து, அதன் கண் முன்னாலேயே கூடத்தில் ஒரு வரிசையாகப் போடுங்கள். "தேடு" என்று ஒரே சொல். எடுத்துத் தின்னட்டும். இரண்டாம் நாள் நாற்காலிக் கால், கதவு மூலை, மிதியடி ஓரம். மூன்றாம் நாள் அதை அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஒளியுங்கள். கண்ணால் தேடுவது நின்று, தலையைத் தாழ்த்தி, மூச்சு "ஸ்நஃப் ஸ்நஃப்" என்று வேகமாகக் கேட்கத் தொடங்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்போது பேசாதீர்கள், கை காட்டாதீர்கள். திணறினால் அடுத்த முறை எளிதான இடத்தில் வையுங்கள்.

ஒரு வாரத்தில் கஷ்டத்தைக் கூட்டலாம். எங்கள் வீட்டில் மிகவும் பயன்பட்டது ஓட்டை விழுந்து ஓரங்கட்டிய பழைய இட்லித் தட்டு. குழிகளில் தீனியைப் போட்டு, மேலே ஈரத்துணியை விரித்துவிட்டால், துணியை மூக்கால் ஒதுக்கி, குழி குழியாக நக்கி எடுக்க மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பழைய கோணிச் சாக்கில் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுக்கலாம். மளிகை வந்த அட்டைப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாம்; ஒட்டும் டேப்பையும் ஸ்டேப்லர் பின்னையும் உரித்த பிறகுதான். தேடுவதற்கு வைக்கும் தீனி அன்றைய சாப்பாட்டிலிருந்தே கழிய வேண்டும். 2020 ஜூனுக்குள் எங்கள் தெருவில் மூன்று லாப்ரடார்கள் பீப்பாய் ஆகிவிட்டன, எல்லாம் பிஸ்கட்.

இன்னொன்று. பொங்கல் சமயத்தில் இதை எழுதுவதால் சொல்கிறேன். சர்க்கரைப் பொங்கலில் போடும் உலர் திராட்சை நாய்க்கு விஷம். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். வெங்காயம் போட்ட சாம்பார் சாதமும் சாக்லேட்டும் கூடாது. தேடும் விளையாட்டில் மிச்சம் மீதியை ஒளித்து வைக்கும் குழந்தைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

நேரத்தையும் மாற்றுங்கள். ரகளை ஆறு மணிக்கு என்றால் தேடல் ஐந்தரைக்கு. வெறி ஏறிய பிறகு தீனி தூவினால், ரகளை செய்தால் சாப்பாடு வரும் என்று அது படித்துக்கொள்ளும்.

மொட்டை மாடியில் அரை மணி நேரம் பந்து எறிகிறேன், இறங்கி வந்ததும் இன்னும் வெறி

இந்தத் தவறை முதல் ஊரடங்கில் ஆறு வாரம் செய்தேன். காலையும் மாலையும் நாற்பது முறை பந்து. மணி மெலிந்தான், கால் இறுகியது, தூக்கம் குறைந்தது. மாடிக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே நடுங்குவான். நான் அதை ஆசை என்று நினைத்தேன்.

ஒரே திசையில் எறிந்து, விரட்டி, கவ்வி, திரும்பி ஓடி வரும் விளையாட்டு நாயின் உடலில் வேட்டையின் முறுக்கை மட்டும் ஏற்றுகிறது. வேட்டையில் மோப்பம், பதுங்கல், விரட்டல், கவ்வல், கிழித்தல், தின்னல், பிறகு படுக்கை என்று வரிசை உண்டு. நாம் நடுத்துண்டை மட்டும் நாற்பது முறை ஓட விடுகிறோம். அடங்குவதற்கான கடைசிப் பகுதி வருவதே இல்லை. தினமும் இப்படிச் செய்தால் அதன் தாங்குதிறனும் கூடும். அடுத்த மாதம் அறுபது பந்து கேட்கும்.

சரி, மாற்று என்ன? மொத்தம் இருபத்தைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் மாடியைத் தன் போக்கில் சுற்றி மோப்பம் பிடிக்கட்டும். அடுத்த ஏழெட்டு நிமிடம் விரட்டும் விளையாட்டு. நாலடி பி.வி.சி. பைப் ஒன்றில் ஆறடிக் கயிற்றை நுழைத்து, நுனியில் பழைய லுங்கித் துணியை முடிச்சுப் போடுங்கள். துணியைத் தரையோடு தரையாக வட்டமாக இழுங்கள். உயரத் தூக்கிக் குதிக்க விடாதீர்கள், இறங்கும்போது முழங்கால் திருகும். அரை நிமிடம் ஓடட்டும், பிறகு அசைவை நிறுத்தி "உட்கார்". உட்கார்ந்தால்தான் துணி மறுபடி அசையும். இந்த நிறுத்தம்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கும் பாடம். நடுநடுவே பிடிக்க விடுங்கள், கொஞ்சம் இழுத்து விளையாடி "விடு" சொல்லித் துண்டு தீனி கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் தொட்டிச் செடிகளுக்கு நடுவே தீனி தேடல். கீழே வந்ததும் கடிக்க ஏதாவது, அப்புறம் விளக்கணைத்த அறை.

லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியை விரட்ட விடுவது வேண்டவே வேண்டாம். பிடிக்கவே முடியாத ஒன்றை விரட்டிப் பழகிய நாய் பிறகு சுவரில் விழும் நிழலையும் பாத்திரத்தின் ஒளியையும் நாள் முழுக்க விரட்டத் தொடங்கும். அதிலிருந்து மீட்பது பெரும்பாடு.

மாடி பற்றிச் சில எச்சரிக்கைகள். கைப்பிடிச் சுவர் உங்கள் நாய் பின்னங்காலில் நின்றால் தொடும் உயரம் என்றால், கயிறு இல்லாமல் விடாதீர்கள். காகத்தைப் பார்த்துத் தாவினால் நின்று யோசிக்காது. தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் படி, தொங்கும் கேபிள் வயர், துணி காயும் கொடிக்கம்பி, இவற்றை ஒரு முறை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். கோடையில் பக்கத்து வீட்டுப் பாட்டி வடாம் காயப் போடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது மிக முக்கியம். மாடிச் சண்டைகளில் பாதி அதில்தான் தொடங்குகிறது. எங்கள் குடியிருப்பில் காலை ஐந்தரையிலிருந்து ஆறு வரை நாய்க்கு என்று பேசி வைத்துக்கொண்டோம். குடியிருப்புச் சங்கம் நாயை லிஃப்டிலேயே ஏற்றக் கூடாது என்றால், அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருப்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். கூடவே மாடியை நீங்களே கழுவியும் விடுங்கள், பேச்சு எளிதாகும்.

வெயில். மே 4-ல் தொடங்கும் கத்திரியில் மாடித் தரை மாலை 6 மணிக்கும் கொதிக்கும். புறங்கையைத் தரையில் வைத்து 7 விநாடி எண்ணுங்கள். கை தாங்கவில்லை என்றால் பாதமும் தாங்காது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மற்றதெல்லாம் நாக்கு வழியே இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சென்னையின் புழுக்கத்தில் அந்த ஈரம் ஆவியாவதே மெதுவாகத்தான். அதனால் வெயில் தாழ்ந்துவிட்டது என்பதை மட்டும் நம்பி ஓட விடாதீர்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்தப் பகுதியில் சொன்ன ஓட்டத்தில் பாதிகூட வேண்டாம்.

படிக்கட்டில் ஓட விடலாமா என்று கேட்கிறார்கள். ஒன்றரை வயது தாண்டிய, எடை கூடாத, இடுப்பில் குறையில்லாத நாய்க்கு ஏறுவது நல்ல பயிற்சி. இறங்கும்போது கயிற்றைப் பிடித்து மெதுவாக, ஒவ்வொரு படியாக. வளரும் குட்டிக்கும், நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள டாஷ்ஹண்டுக்கும் வேண்டாம். வீட்டுக்குள் வழுக்கும் டைல்ஸ் மீது பந்து விளையாட்டே கூடாது. வேண்டுமென்றால் யோகா விரிப்பு, கயிற்றுப் பாய் எதையாவது ஓடும் வழி முழுக்கப் போட்டுவிடுங்கள்.

மாடியில் சிறுநீர் கழிக்க மறுக்கிறது, வீட்டில் நிலைகொள்ளாமல் அலைகிறது

பலர் இதை ஆற்றல் பிரச்சினை என்று நினைத்து ஓட விடுகிறார்கள். கவனித்துப் பாருங்கள்: கதவுக்கும் உங்களுக்கும் இடையே நடந்துகொண்டே இருக்கிறதா, படுத்தால் இரண்டு நிமிடத்தில் எழுகிறதா, தண்ணீரைத் தொடாமல் இருக்கிறதா? அப்படியானால் அது அடக்குகிறது.

2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடக் கிடையாது. நாங்களும் இறங்கவில்லை. மணி முதல் நாள் காலை 6 மணியிலிருந்து மறுநாள் விடியல் வரை அடக்கிக்கொண்டான். நல்ல பழக்கம் பழகிய நாய்க்குத்தான் இந்தக் கஷ்டம். குட்டியிலிருந்து "வீட்டில் கூடாது" என்று சொல்லி வளர்த்தோம். மாடியும் வீடுதான் என்பது அதன் கணக்கு. அதன் காலுக்கு மண்ணும் புல்லும், மூக்குக்கு வேறு நாய்களின் வாசனையும் கிடைத்தால்தான் "இங்கே போகலாம்" என்று புரியும்.

அதனால் தெருவை மாடிக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த நாள் எங்கள் வாட்ச்மேன் அண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் மணி வழக்கமாகக் காலைத் தூக்கும் வேப்பமரத்தடியிலிருந்து அரை வாளி மண் அள்ளிக் கொடுத்தார். அகலமான பிளாஸ்டிக் தட்டில் அதைப் பரப்பி, நடுவில் ஒரு செங்கல்லை நிறுத்தினோம். ஆண் நாய்க்கு நிமிர்ந்து நிற்கும் ஏதாவது வேண்டும். தெருவில் அந்த வேலையைச் செய்வது மரமும் மின்வாரியப் பெட்டியும்தான். கயிறு கட்டி, தெருவில் நடப்பதுபோலவே மெதுவாக நான்கு சுற்று. வழக்கமாகச் சொல்லும் அதே சொல். எட்டு நிமிடம் ஆனது. அவன் முகர்ந்து, நின்று, காலைத் தூக்கியபோது என் மனைவி அழுதேவிட்டாள்.

பெண் நாய்க்குச் செங்கல் தேவையில்லை, புல் பத்தை இருந்தால் நல்லது. எப்போதாவது வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாதீர்கள். அதைச் செய்தித்தாளில் ஒற்றி எடுத்து, அந்தத் தாளை மாடித் தட்டில் மண்ணுக்கு அடியில் வையுங்கள். அந்த வாசனை வழிகாட்டும். கயிறு இல்லாமல் விட்டால் சுற்றிப் பார்ப்பதிலேயே மறந்துவிடும், அதனால் முதலில் கயிறு, முடித்த பிறகு சுதந்திரம். போய் முடித்த அந்த நொடியில் துண்டு தீனி. மண்ணை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள், ஒரு கைப்பிடி பழைய மண்ணை மட்டும் விட்டு வையுங்கள்.

24 மணி நேரம் தாண்டியும் போகவில்லை என்றாலோ, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, ரத்தம் கலந்தாலோ பழக்கம் பற்றிய ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

செருப்பு, சோபா, சார்ஜர் வயர் என எல்லாவற்றையும் கடிக்கிறது

வாய்க்கு வேலை கொடுங்கள், வயரை எட்டாத இடத்தில் வையுங்கள். ஏழு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் பல் மாறும் காலம். நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த துண்டு ஈறுக்கு இதமாக இருக்கும். பெரிய நாய்க்கு முழு கேரட், உறைய வைத்த மோர்க்கட்டி, தயிர் சாதத்தைத் திணித்து உறைய வைத்த ரப்பர் பொம்மை எல்லாம் சரி. சமைத்த எலும்பு கூடாது, முள்ளாக உடைந்து குடலைக் கிழிக்கும். கொட்டாங்குச்சியைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதன் சில்லும் அப்படித்தான், வேண்டாம்.

பால்கனியில் நின்று நாள் முழுக்கக் குரைக்கிறது

ஊர் அமைதியாக இருக்கும்போது ஒற்றைச் சைக்கிள் சத்தமும் பெரிய சேதிதான். அது குரைத்ததும் அந்த ஆள் கடந்து போய்விடுகிறார். "நான்தான் விரட்டினேன்" என்று நாய் நினைக்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு வெற்றி. கம்பியின் கீழ்ப்பாதியில் பழைய பெட்ஷீட்டைக் கட்டி மறையுங்கள், கண்ணாடி ஜன்னல் என்றால் கீழே செய்தித்தாள் ஒட்டுங்கள். பால்கனி நேரத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை, நீங்களும் கூட உட்காரும் பத்து நிமிடமாக்குங்கள். குரைப்பதற்கு முன், காது நிமிர்ந்த அந்த நொடியிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தீனி கொடுத்தால், சில நாளில் சத்தம் கேட்டதும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். நாமும் ஜன்னலில் இருந்து "ஏய், சும்மா இரு" என்று கத்தினால், கூடச் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அதற்குப் படும்.

முகக்கவசம் போட்டவரைப் பார்த்துக் குரைத்தால், நீங்கள் வீட்டிலேயே அதைக் கழுத்தில் தொங்கவிட்டு, பிறகு வாயில், பிறகு முழுதாகப் போட்டுக்கொண்டு சோறு வையுங்கள். மூன்று நாள் போதும்.

கீழே இறக்கினால் தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன

டீக்கடையும் கறிக்கடையும் மூடினால் தெருநாய்க்குப் பசி. நடமாட்டம் குறைந்தால் தெரு முழுக்க அவற்றின் எல்லை. 2020-ல் எங்கள் தெருவின் சாதுவான நாய்கள்கூட உறுமின. அவற்றின் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வீடு முறை வைத்து இரவு 8 மணிக்குள், நாம் நடக்கும் வழியைவிட்டுத் தள்ளி, ஒரே இடத்தில் சோறு வைக்கத் தொடங்கிய பிறகு பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நடக்கும்போது சூழ்ந்துகொண்டால் ஓடாதீர்கள், நாயைத் தூக்காதீர்கள். தூக்கினால் அவை உங்கள் மேல் தாவும். நின்று, கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயை உங்கள் பின்னால் விட்டு, பையில் இருக்கும் தீனியை ஒரு கைப்பிடி தூரமாக எறியுங்கள். அவை அங்கே குனியும்போது திரும்பி நடங்கள். ஒரு குடை எடுத்துப் போங்கள். சட்டென்று விரித்தாலே பின்வாங்கும். கல்லை எடுக்காதீர்கள், நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். கடி பட்டால், உங்களுக்கானாலும், 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். நாயின் வருடாந்திர ரேபிஸ் ஊசி ஊரடங்கில் தள்ளிப்போயிருந்தால் அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

திரும்பி வந்ததும் பாதத்தில் சானிடைசர் தேய்க்காதீர்கள். சாராயம் பாதத்தோலை வெடிக்க வைக்கும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தால் அதுவும் அப்படித்தான். வெறும் தண்ணீரில் நாலு காலையும் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்தால் போதும். 2021 நவம்பர் மழையில் மாம்பலம் தண்ணீரில் நின்றதே, அதுபோல் தேங்கிய நீரில் நடந்து வந்தால் கண்டிப்பாகக் கழுவுங்கள். எலி மூத்திரம் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று எதற்கும் எழவில்லை

"அப்பாடா, அடங்கிவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றைப் பாருங்கள். ஈறு வெளுத்திருக்கிறதா? காது மடல், விரல் இடுக்கு, வால் அடியில் உண்ணி இருக்கிறதா? மாடித் தொட்டிகளின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் உண்ணி நன்றாகப் பெருகும். உண்ணிக் காய்ச்சலில் முதலில் குறைவது உற்சாகமும் சாப்பாடும்தான். உடல் சூடு எவ்வளவு? நாய்க்கு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஓடிய பிறகு 104-ஐத் தாண்டி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றி மின்விசிறியை வையுங்கள். ஈரத்துணியால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். ஊற்றிக்கொண்டே வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும் வழியை நெருக்கடி வரும் முன்பே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் கொரோனா, நாயை யார் பார்ப்பது

2021 மே மாதம் எனக்கும் மனைவிக்கும் ஒரே வாரத்தில் பாசிட்டிவ். இருமல் நிற்கவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை. மணி அறைக் கதவுக்கு வெளியே படுத்துக் கதவிடுக்கில் மூக்கை வைத்து மூச்சு விடுவான். இரண்டாவது மாடி அக்கா தானாகவே முன்வந்தார். அவரிடம் ஏற்கெனவே பழகியிருந்ததால்தான் அது முடிந்தது. தனி கழுத்துப்பட்டை, தனிக் கயிறு வாங்கி அவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். நாங்கள் மணியைக் கதவுக்கு வெளியே விட்டதும் அவர் மாட்டிக்கொள்வார். 14 நாள் அப்படி ஓடியது.

இப்போதே அப்படி ஒருவரைத் தயார் செய்யுங்கள். வாரம் இரண்டு முறை அவர் கையால் தீனி, அவரோடு மாடியில் பத்து நிமிடம். ஒரு தாளில் சாப்பாட்டு அளவு, நேரம், எந்தச் சொல்லுக்கு என்ன செய்யும், எதற்குப் பயப்படும், டாக்டர் எண் எல்லாவற்றையும் எழுதி அவரிடம் கொடுங்கள். யாருமே இல்லை, நீங்களே பார்க்க வேண்டும் என்றால் முகக்கவசம் போட்டு, கை கழுவி, சோறு வையுங்கள். கொஞ்சுவதையும் கூடப் படுப்பதையும் மட்டும் தள்ளிப் போடுங்கள். அந்த நாட்களில் ஓட்டமே வேண்டாம், இட்லித் தட்டு போதும்.

2021 ஜூன் 3-ஆம் தேதி வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் கொரோனாவால் இறந்த செய்தி வந்ததும், நாயை எங்காவது விட்டுவிடலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். நாய்க்கு இது தொற்றுவது அரிது. தொற்றினாலும் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் போகிறது. நாயிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை இல்லை. நாய்க்கு முகக்கவசம் போடவும் வேண்டாம், மூச்சு முட்டும்.

கட்டுப்பாடு தளர்ந்தது, நாய் தனியாக இருக்க மாட்டேன் என்கிறது

2020 கடைசியில் அலுவலகம் திறந்தபோது இது எங்கள் வீட்டிலும் நடந்தது. எட்டு மாதம் வீட்டில் ஆள் இல்லாத ஒரு மணி நேரத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. சாவிக் கொத்தை எடுத்தாலே இரைக்கத் தொடங்கினான். முதலில் சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்கார்ந்தோம், நாளுக்குப் பத்து முறை. சாவிச் சத்தம் அவனுக்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகு, கதவைச் சாத்தி அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம். அழத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தைத் தொட ஐந்து வாரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமைகளிலேயே தொடங்கிவிடுங்கள். எல்லோரும் வீட்டில் இருந்தாலும், தேடும் சாக்கைக் கூடத்தில் விரித்துவிட்டு, நாயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, நீங்கள் மட்டும் மாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வாருங்கள்.